மூத்தாளுக்குச் சந்தனம்

பொட்டை எடுத்துவிட்டார்கள். மேக்கப் போடுகிற பெண் அதை நகத்தால் கிள்ளி எடுத்து, எறிய மனமில்லாமல் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்து, “ஷூட்டிங் முடிஞ்சதும் எடுத்து வச்சுக்குங்க மேடம், உங்களுக்குப் பொட்டு வேணாம்னு மேல சொல்லிட்டாங்க” என்றாள். மேலே என்றால் யார் என்று ஜமுனா கேட்கவில்லை. எல்லா ஆபீஸிலும் மேலே என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, உத்தரவு மட்டும் வரும், தாலுகா ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா. வீட்டுக்காரர் தணிகாசலம் செத்து முதல் வருஷம் அவள் பொட்டு வைக்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு நாள் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கை பழக்கதோஷத்தில் தானாக எடுத்து ஒட்டிவிட்டது, ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே நின்றுவிட்டது. குடியாத்தமே விட்டுவிட்ட பொட்டை டிவிக்காரன் விடமாட்டேன் என்கிறான். பட்டாளத்தான் பெண்டாட்டி, அதுவும் செத்துப்போன பட்டாளத்தான் பெண்டாட்டி, வெறும் நெற்றியோடு உட்கார்ந்தால்தான் ஜனம் நம்பும் போல. அறையில் ஏசி காலைப் பிடித்து இழுத்தது. செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். இதுவே இப்படிக் குளிர்ந்தால் அவர் இருந்த பனிமலையில் எப்படி இருந்திருக்கும் என்று நினைப்பு போயிற்று. குளிர் என்றால் நினைப்பு அங்கேதான் போகும், மார்கழிக் காலையில் பக்கெட் தண்ணீரில் கை வைத்தாலும் அங்கேதான், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலும் அங்கேதான். “கண்ண மூடிக்குங்க மேடம்” என்றாள் அந்தப் பெண். பவுடர் பிரஷ் நெற்றியில் இரண்டு தரம் போய் வந்தது. பொட்டு இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருந்ததாம், அதையும் பூசி மறைத்தாள்.

ராணுவம் தன் பழைய துப்பாக்கிகளை மாற்ற வேண்டுமா, வேண்டாமா, இதுதான் இந்த வார விவாதம். ஞாயிற்றுக்கிழமை போடுவதற்கு இன்று மதியமே பிடிக்கிறார்கள். வரும்போது கூடத்தில் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள், துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்பில் பெரிய கேள்விக்குறி போட்டு. படத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவர் வைத்திருந்தது இதே சாதிதான், லீவில் காட்டிய போட்டோவில் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாரே அதே மரக்கட்டை நிறம். மாற்ற வேண்டும் என்கிற கட்சிக்கு ஓய்வுபெற்ற ஒரு கர்னல். நல்ல மனுஷர்தான், போனில் பேசினால் முதலில் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பார். பழைய துப்பாக்கி குளிரில் மக்கர் பண்ணுகிறது, தோட்டா சிக்குகிறது, பிள்ளைகள் அநியாயமாகச் சாகிறார்கள் என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறவர். எப்படியோ அவள் பெயர் அவருக்குக் கிடைத்தது. “உங்க கதைதாம்மா நமக்குப் பலம்” என்றார். அவர் கட்சியில் அவள் எப்போது சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்காக ஒரே ஒரு வரியும் எழுதிக் கொடுத்துவிட்டார்: அந்தத் துப்பாக்கி சுட்டிருந்தால் என் கணவர் இன்று உயிரோடு இருந்திருப்பார். இதைச் சொன்னால் போதுமாம், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். வேலூர் தாண்டி பஸ்ஸில் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். துப்பாக்கி சுட்டிருந்தால். சுட்டிருந்தால் என்பது வரை சரியாக வரும். அதற்கு முன்னால் ஒரு ஏன் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். ஏன் சுடவில்லை. அது தெரிந்தவர் போய்ச் சேர்ந்தாயிற்று. தனக்கும் அது தெரியுமோ என்று பயப்படுகிறவள் காஞ்சிபுரம் நெரிசலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.

மூத்தாள் என்றுதான் அவர் அதைச் சொல்வார். கல்யாணமான புதிதில், முதல் லீவு முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்: “உன்னக் கட்டுறதுக்கு முன்னாடியே ஒருத்தியக் கட்டிக்கினேன் ஜமுனா, கோச்சுக்காத.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு, மாமியார் உள்ளேயிருந்து என்னடா என்று கேட்கிற அளவுக்கு. பயிற்சியில் துப்பாக்கியைக் கையில் கொடுத்து அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்களாம், இதுதான்டா உன் பெண்டாட்டி, இதோடு சாப்பிடு, இதோடு படு, இதைக் கீழே போட்டவன் பெண்டாட்டியைக் கைவிட்டவன் என்று. அதற்கப்புறம் அவளும் விடவில்லை. போன் வந்தால் முதலில், “மூத்தா எப்பிடிக் கீறா?” என்பாள். “அவளுக்கின்னா, எண்ணெ தேச்சிக்கினு மினுமினுன்னு கீறா” என்பார். கேலிதான். ஆனாலும் ராத்திரியில், லீவில் வந்து படுத்திருக்கும்போது, தூக்கத்தில் அவர் வலது கை தானாகப் பக்கத்தில் துழாவும். எதையோ தேடித் தேடிக் கடைசியில் அவள் மணிக்கட்டில் வந்து பிடிக்கும், வளையலுக்கு மேலே, இறுக்கி, துப்பாக்கியின் கழுத்தைப் பிடிக்கிற பிடி. பிடித்த பிறகுதான் மூச்சு சீராகும். அவள் கையை உருவிக்கொள்ளாமல் மரத்துப்போகிற வரை அப்படியே கிடப்பாள். யாரைப் பிடித்திருக்கிறார் என்று நினைப்பாள். வருஷத்தில் கொஞ்ச நாள் இவளோடு, மிச்சமெல்லாம் அவளோடு, இதில் யார் மூத்தாள் என்று கேட்கவும் வேண்டுமா. புதுத் துப்பாக்கி வரப்போகிறது என்று அப்போதே பேச்சு இருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. “மக்கர் பண்றா, இல்லேங்கல. அதுக்காகக் கட்னவள மாத்துவாங்களா?” என்றார். அந்தப் பேச்சில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுக்குத் தனி ருசி உண்டு. மாமியார் மகனுக்கு இன்னொரு கல்யாணம் பற்றி ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்த நேரம்.

சந்தனக் கட்டை ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. அவளே அரைத்தாள். மூன்று சாயங்காலம் கல்லில் உரைத்து, வழித்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, நிழலில் காயவைத்து, மாத்திரை டப்பாவில் போட்டு, மேலே துணி சுற்றித் தைத்துத் தபாலில் அனுப்பினாள். கூடவே குங்குமம். ஆயுத பூஜைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே அனுப்பியது. அங்கே மலை மேலும் இவர்கள் பட்டாளத்தில் பூஜை உண்டு, துப்பாக்கிகளை வரிசையாகச் சாய்த்துவைத்து, பொட்டு வைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, தமிழ் ஆட்கள் சத்தமாகச் சாமி கும்பிடுவார்களாம். “மூத்தாளுக்கு நல்லாப் பூசுங்க, என் பங்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி போன் வந்தது. லைன் இரைந்தது. காற்றா லைனா என்று தெரியவில்லை. “சந்தனம் வந்துச்சு ஜமுனா. வாசன இன்னா வாசன தெரியுமா, கூடாரம் பூரா நீதான் கீற. அடி முதல் நுனி வரைக்கும் பூசிட்டேன், பயலுங்க சிரிக்கிறானுங்க.” அவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியாது, வாய் கேட்டது: “பூசிட்டு அப்பிடியே வுட்டா ஆவுமா? தொடைக்கணும் இல்ல?” அவர் சொன்னார், “பூஜ முடிஞ்சதும் தொடைக்கணும், ஆர்டரு. மத்தவனுங்க தொடைச்சிட்டானுங்க. உன் கையால அரைச்சது, எனக்கு மனசு வரல. ஒரு ராத்திரி இருக்கட்டும். காலைல எழுந்து தொடைச்சுக்கலாம்.” அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு ராத்திரி இருக்கட்டும். காலை விடிவதற்கு முன்னாலேயே கூப்பாடு வந்துவிட்டது, எல்லை தாண்டி ஆள் வருகிறான் என்று, எல்லோரும் இருட்டில் கிளம்பினார்கள், துடைக்கிற காலை அவருக்கு வரவே இல்லை. அவள் மட்டும் ஆமாங்க தொடைச்சிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய புடவை மாதிரி நின்றுவிடும். இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகராது.

கூட இருந்த ஏகாம்பரம் காரியத்துக்கு வந்தபோது சொன்னான். அரக்கோணத்துப் பையன், அவரை அண்ணன் அண்ணன் என்று சுற்றியவன். “மொத குண்டு போச்சுக்கா. ரெண்டாவது ஏறல. சிக்கிக்கிச்சு. அண்ணன் கையால குத்திப் பாத்தாரு, இழுத்துப் பாத்தாரு. நான் இந்தாண்ட கீறேன், ஒண்ணும் பண்ண முடியல.” துப்பாக்கிதான்க்கா சதி பண்ணிடுச்சு என்று அழுதான். சந்தனத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரே வார்த்தையில் தீர்ந்துபோகும், எந்தப் பக்கம் தீரும் என்பதுதான் பயம். அந்தக் குளிரில் எண்ணெயே உறையும் என்று கர்னல் எழுதியிருந்ததைப் படித்தாள். எண்ணெய் உறையும் என்றால் தண்ணீரில் குழைத்த சந்தனம் என்ன செய்யும். உறைந்து கல்லாகும். எங்கே. மேலே மட்டும் பூசினாரா, திறக்கிற இடத்திலும் பூசினாரா, அடி முதல் நுனி வரை என்றாரே, நுனி என்றால் நுனியா. அதே மலையில் சந்தனம் பூசாத துப்பாக்கிகளும் சிக்கியிருக்கின்றன என்று கர்னல் எழுதியதில் இருந்தது, அதைப் படித்த அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கிற்று. மறுநாள் மறுபடி அதேதான். யாரிடம் சொல்வது. மாமியார் வீட்டோடு பேச்சு நின்று போயிற்று. அண்ணனிடம் சொன்னால் கட்டை கொண்டுவந்தவன் அவன். மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறவளுக்குச் சுவரைத் தவிர யார் இருக்கிறார்கள், சுவரும் வீட்டுக்காரம்மாவுடையது. ஆபீஸில் ஆயுத பூஜை அன்றைக்குக் கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் ஜீப்புக்கும் சந்தனம் வைப்பார்கள், அவள் மட்டும் வருஷா வருஷம் அன்றைக்கு லீவு. பாவம், பண்டிகை நாளில் வீட்டுக்காரர் ஞாபகம் வரும் என்று பேசிக்கொள்வார்கள். வாசனை குமட்டும் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் வந்தார்கள் இத்தனை வருஷத்தில், பேப்பர்காரர்கள், கட்சிக்காரர்கள், இந்தக் கர்னல். எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே கேட்டார்கள். அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கண்ணாடிக் கூடு, மேக்கப்காரப் பெண் பவுடர் பிரஷோடு வந்ததும் பிள்ளையார்போல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். துப்பாக்கித் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் பேச வந்தவர், பெயர் வின்சென்ட் என்று நிகழ்ச்சியைக் கவனிக்கிற பெண் சொல்லிவிட்டுப் போனாள். மாற்றக்கூடாது என்கிற கட்சி. குறையைச் சரிசெய்யுங்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கி எங்கள் பட்டறையை மூடாதீர்கள் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி என்றால் எப்படியோ இருப்பார் என்று நினைத்திருந்தாள், இவர் வழியில் தண்ணீர் கேட்டு நிற்கிறவர் மாதிரி இருந்தார். கண்ணைத் திறந்ததும் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டார், நேரில் திரும்பவில்லை. “நீங்கதானாம்மா அது” என்றார். அவள் தலையசைத்தாள். அவர் பாக்கெட்டிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். “எந்த வருஷத்துத் துப்பாக்கின்னு ஏதாவது தெரியுமாம்மா? தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. இல்ல, தெரிஞ்சாச் சொல்லிடுங்க.” அவர் விரல்கள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடின. “ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதத்தாம்மா செஞ்சேன். ஒவ்வொண்ணையும் சுட்டுப் பாத்துத்தான் வெளிய விடுவோம். ஆனா பேப்பர்ல ஒரு பேரு வந்தா, அது நம்ம கையில வந்து போனதா இருக்குமோன்னு. வீட்டுல சொன்னா, ஒங்களுக்கு வேற வேல இல்லம்பாங்க. உள்ள ஒரு தலமுடி விழுந்தாக்கூடக் கோளாறு காட்டும், அந்த மாதிரிச் சாமான். ஒரு நாள் நமக்குக் காய்ச்சலா இருந்திருக்கலாம், கண்ணு மங்கியிருக்கலாம், யாரு கண்டா.” ஜமுனாவுக்கு அழுகை வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. எங்கோ ஓர் ஊரில் இன்னொருத்தரும் அவளைப் போலவே ராத்திரி தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஆபீஸில் கூட உட்காருகிறவர்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிகிறது. வாய் திறந்தது. “ஐயா, துப்பாக்கிக்குச் சந்தனம் பூசினா இன்னா ஆவும்?” அவர் இப்போதுதான் நேராகத் திரும்பிப் பார்த்தார். “யாரு பூசினா?” “அவரு. ஆயுத பூஜைக்கு. நான் அரைச்சு அனுப்பினது.” கண்ணாடிக் கூடு மூடியபடியே நின்றது. “எப்பத் தொடச்சாரு?” “தொடைக்கல.” மேக்கப்காரப் பெண் அடுத்த அறையில் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தாள். வின்சென்ட் சட்டையின் மேல் பித்தானைத் தடவினார். பிறகு அவசரமாகச் சொன்னார், “ஒண்ணும் ஆகாதும்மா. என்னம்மா நீங்க. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், ஆனா எங்க செக்‌ஷன்ல பூஜைக்கு வாழக்கன்னு கட்டுறது நான்தான். மெஷினுக்கெல்லாம் அப்பு அப்புன்னு அப்புவோம். என்ன கெட்டுப்போச்சு? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த நெனப்ப விடுங்க.” அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

விளக்குகள் முகத்தில் அடித்தன. எதிரே இருட்டில் ஆட்கள் அசைந்தார்கள், கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது, வெற்று நெற்றிக்கு எதிரே ஒரு பொட்டு. ஒன்றும் ஆகாது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கியது, வந்துவிட்டதே, ஏன் இன்னும் பாரம் இறங்கவில்லை. தலைமுடி விழுந்தாலே கோளாறு என்று சொன்ன வாய் அடுத்த நிமிஷம் சந்தனத்தை அப்பலாம் என்கிறது. ஒருவேளை முடி வேறு, சந்தனம் வேறோ, மெஷின் வேறு, துப்பாக்கி வேறோ. கர்னல் பேசினார், எடையையும் தூரத்தையும் பனியையும் பற்றி அழகாகப் பேசினார். நிகழ்ச்சி நடத்துகிறவர், கோட்டுப் போட்ட இளவயதுக்காரர், “வின்சென்ட் சார், உங்கள் தொழிற்சாலைத் துப்பாக்கியைக் குற்றம் சொல்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார். வின்சென்ட் மடியில் ஒரு காகிதம் வைத்திருந்தார், சங்கத்தில் எழுதிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அதைப் பார்த்தார். நான்காக மடித்தார். “ஏத்துக்கிறேங்க” என்றார். கர்னலே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “துப்பாக்கிதாங்க தப்பு. வேற எதுவும் காரணமில்ல. வேற எதுவுமே இல்ல. மாத்திடுங்க.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் கேமராவையும் பார்க்கவில்லை, கேட்டவரையும் பார்க்கவில்லை. இருட்டில் யாரோ விசிலடிக்காத குறையாக மூச்சுவிட்டார்கள். இது ஞாயிற்றுக்கிழமை வெளியானால் அந்த மனுஷன் எந்த முகத்தோடு சங்கத்துக்குப் போவார், கூட வேலை செய்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படிப் போவார், அவர் கையால் செய்ததையெல்லாம் அவர் வாயாலேயே கொளுத்திவிட்டார். ஒன்றும் ஆகாது என்பது உண்மையாக இருந்தால் இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. ஜமுனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏசிக் காற்று கழுத்தில் இறங்கியது. இதுதான் பதில், சந்தனம்தான். ஒருத்தர் இரக்கப்பட்டதால் தெரிந்துபோன பதில். இனிமேல் ஒருவேளை என்ற வார்த்தைகூட அவளோடு வீட்டுக்கு வராது.

“அம்மா, நீங்க சொல்லுங்க” என்றார் கோட்டுக்காரர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. கர்னல் மெதுவாகத் தலையை ஆட்டி வரியை ஞாபகப்படுத்தினார். அந்தத் துப்பாக்கி சுட்டிருந்தால் என் கணவர். சொல்லலாம். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு பஸ் ஏறலாம், ஊரும் நம்பும், கர்னலும் சந்தோஷப்படுவார், தன் பாரத்தைப் பெரியவர் தலையில் ஏற்றிவிட்டு வெறும் கையோடு மாடி ஏறலாம். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், காதோரம் நரைமுடியில் பவுடர் ஒட்டியிருந்தது. அவருக்கும் வீட்டில் ராத்திரி பார்த்துக்கொண்டு படுக்க ஒரு கூரை இருக்கிறது. ஜமுனா சொன்னாள்: “சந்தனம் நான் அரைச்சு அனுப்பினதுங்க. ஆயுத பூஜைக்கு. அவரு துப்பாக்கிக்குப் பூசினாரு. நான் அரைச்சதுன்னு தொடைக்க மனசு வரலன்னாரு. ஒரு ராத்திரி இருக்கட்டும்னாரு. விடியறதுக்குள்ள சண்டைக்குப் போயிட்டாரு. ஐயா மேல தப்பில்லைங்க.” சொல்லியாயிற்று. யாராவது எழுந்து கத்துவார்கள் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோட்டுக்காரர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. கேமராப் பக்கம் திரும்பினார். “மனைவி அரைத்த சந்தனத்தைத் துடைக்கக்கூட மனமில்லாமல், அந்த வாசனையோடு எல்லையில் உயிரைக் கொடுத்த ஒரு வீரர். அந்தத் துப்பாக்கியைச் செய்தவரைக்கூட மன்னிக்கிற ஒரு மனைவி. நேயர்களே, இதற்கு மேல் ஒரு வாதம் வேண்டுமா?” கர்னல் கைக்குட்டையை எடுத்தார். இருட்டில் ரெண்டு பேர் கைதட்டினார்கள்.

அவள் ஒப்புக்கொண்டது அவர்கள் யாருக்கும் கேட்கவே இல்லை. தமிழில்தான் சொன்னாள், தெளிவாகத்தான் சொன்னாள். வின்சென்ட் மட்டும் மடித்த காகிதத்தைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணாலேயே சொன்னார். விளக்குகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, மேலே என்று சொன்னார்களே அந்த மேலேயாக இருக்கலாம். “அம்மா, ரொம்ப நல்லா வந்துச்சு. அதே மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க, ப்ளீஸ். மைக்ல பொடவ ஒரசிடுச்சு. சந்தனம்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்துங்க, குளோசப் போறோம்.” யாரோ வந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்து, நெற்றியில் துளிர்த்த வேர்வையை ஒற்றிவிட்டுப் போனார்கள். இந்தக் குளிரில் எப்படி வேர்த்தது. சிவப்புப் புள்ளி மறுபடி எரிந்தது.

“சந்தனம்” என்றாள் ஜமுனா. அவர்கள் கேட்டபடி கொஞ்சம் நிறுத்தினாள். “நான் அரைச்சு அனுப்பினதுங்க.”